சதுர அடி

நகை அடகு வைக்கப் போன வங்கியில்
தொழில் என்றொரு கட்டம்.
ஓவியர் என்று எழுதினேன்.
வீட்டுக்கா வண்டிக்கா என்றார் கிளார்க்.
பதில் வராததால் அதை அடித்துவிட்டு
'தனியார்' என்று எழுதினார்.
நல்ல கையெழுத்து அவருக்கு.

பெரியமேட்டில் நாங்கள் பதினேழு பேர்.
வெளிச்சம் இங்கிருந்து வந்தால்
நிழல் எங்கே விழும் என்பதை
நான்கு வருடம் படித்தோம்.
யாசர் இப்போது பெரம்பூரில் பச்சை குத்துகிறான்:
கழுத்தில் சிங்கம், மணிக்கட்டில் காதலி பெயர்.
காதலி மாறினால் பெயரின் மேல் ரோஜா.
ரோஜாவுக்குத்தான் ரேட் அதிகம்.
யுவஸ்ரீ பள்ளிக்கூடத்தில், பகுதிநேரம்.
வாரம் இரண்டு டிராயிங் பீரியட்,
இரண்டையும் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார்.
சம்பளத்தை இவள் வாங்கிக்கொள்கிறாள்,
மே மாதம் தவிர.
சூசைமணி சினிமா செட்டில்
தெர்மாகோலில் கருங்கல் செய்கிறான்.
போன வாரம் ஒரு கோபுரத்தை
ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு
டீ குடிக்கப் போனேன் என்றான்.
தங்கப் பதக்கம் வாங்கிய டெல்ஃபினா
தரமணியில் இரவு ஷிப்டு,
யாரோ நாட்டுப் பிள்ளைகளின் கார்ட்டூனுக்குப்
புல் வரைகிறாள்.
புல் மட்டும்.
பூவுக்கு மேலே வேறு ஆள் இருக்கிறார்.

நான் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம்
ஃபிளெக்ஸ் கடையில்.
சதுர அடி பதினான்கு ரூபாய்.
காதுகுத்து, மஞ்சள் நீராட்டு,
தலைவர் வருகை, கண்ணீர் அஞ்சலி.
தலைவரை வெளுக்க வேண்டும்,
மாப்பிள்ளைக்கு முடி வைக்க வேண்டும்,
செத்தவர்களுக்குச் சட்டை மாற்ற வேண்டும்.
ஒரே கோட்டை இருநூறு ஆண்களுக்கு மாட்டியிருக்கிறேன்,
ஒருவருக்கும் இறுக்கவில்லை.

கேட் சாத்திச் சரக்கு ரயில் நிற்கும்போதுதான்
கடைக்கு ஆள் வரும்.
அப்படி நின்ற ஒரு வெள்ளிக்கிழமை
ஆட்டோவை விட்டு இறங்கி வந்தாள்
காசிமேட்டு தேவகலா.
அப்பா பொன்னுரங்கம், நாளைக்குப் பதினாறாம் நாள்.
கையில் ஆதார் ஜெராக்ஸ் மட்டும்.
"வேற போட்டோவே இல்லக்கா.
போனத் தூக்குனாலே மூஞ்சத் திருப்பிக்கும்."

ஜெராக்ஸில் ஒரு கறுப்பு.
கறுப்புக்குள் இரண்டு வெள்ளை.
ஆறுக்கு நாலில் பெரிதாக்கினால்
புகைதான் வரும்.

மவுஸைத் தள்ளிவைத்து
பில் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பினேன்.
மூக்கு?
"என்னுதுதான். ஆனா ஒடைஞ்சது,
ஐஸ் பொட்டி வுழுந்து."
கண்?
"வெயிலு பட்டுப் பட்டு இடுங்கிப் போயிருக்கும்."
எந்தப் பக்கத்து வெயில்?
கேட்டபிறகுதான் உறைத்தது,
இப்படி ஒரு கேள்வி நான் கேட்டு
மூன்று வருடம் ஆகிறது.
அவளும் அவசரப்படாமல் யோசித்தாள்.
"வலது. மீனு கூறு போடச்சொல்ல
அந்தப் பக்கமாத்தான் ஒக்காரும்."
வலது கண்ணை இன்னும் சுருக்கினேன்.
"சிரிக்க வெக்காதக்கா. அது சிரிக்காது."
கோட்டு போடட்டுமா?
"ஐய, வேணாம். பனியன்."

கேட் திறந்தது.
ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.
இரண்டு பேரும் திரும்பவில்லை.
தாடைக்கு வந்தபோது
தாளின் மேல் கையை வைத்தாள் அவள்,
போதும் என்றா பொறு என்றா
தெரியவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு
எவ்ளோக்கா என்றாள்.
ஆறுக்கு நாலு, இருபத்து நாலு சதுர அடி,
முன்னூற்று முப்பத்தாறு.
அது பேனருக்கு.
படத்துக்கு எவ்வளவு?
எனக்குத் தெரியவில்லை.
நிழல் விழும் பக்கம் தெரியும்.
"முன்னூத்தி முப்பத்தாறு" என்றேன்.
முன்னூற்றைம்பது கொடுத்து
மீதி வேண்டாம் என்று ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

மீதி பதினான்கு ரூபாய்.
சரியாக ஒரு சதுர அடி.

இரவு கணக்குப் பார்த்த முதலாளி
இருநூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் பில்
எங்கே என்றார்.
கிழிந்துவிட்டது என்றேன்.